பதினொரு மாத ஒப்பந்தம்

குக் டவுனில் எங்களுக்கு அமைந்தது
கீழ்த்தளம், இரண்டு அறை,
பின்புறம் ஆறடிக்குப் பதினாலடி மண்.
பத்து மாத அட்வான்ஸ். பதினொரு மாத ஒப்பந்தம்.
முத்திரைத்தாளில்
மண்ணைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

மேலே பட்டர் ஃபுரூட் மரம்.
அது தின்றது போக
ஏழே காலிலிருந்து பத்து வரை
கொஞ்சம் வெயில் சிந்தும்.
ஒரு ஞாயிறு முழுக்க
சுண்ணாம்புக்கட்டியால் மதிலில் கோடு போட்டு
அதை அளந்தேன்.

அரை நிழலுக்கு என்ன வரும் என்று கேட்டதற்கு
லால்பாக் வாசலில் விதை விற்றவர்
ஒரு பொட்டலம் நீட்டினார்: ஃபாக்ஸ்குளோவ்.
ஊட்டியில் வரும், இங்கே சொல்ல முடியாது என்றார்
சில்லறையை எண்ணிக்கொண்டே.
நரிக் கையுறை என்று தமிழாக்கிப் பார்த்தேன்.
திராட்சையே எட்டாத நரிக்கு
கையுறை எதற்கு என்றான் சேந்தன்.

மூக்குப்பொடி போல விதை.
தும்மினால் தோட்டம் போய்விடும்.
மூடக்கூடாது, வெளிச்சம் பட்டால்தான் கண் திறக்கும்.
மண்மேல் தூவி, விரல்நுனியால் அமுக்கி,
தட்டோடு ஃபிரிட்ஜில் வைத்தேன் இருபது நாள்
இட்லி மாவுக்கும் இருமல் மருந்துக்கும் நடுவே.

ஆடியில் இலை வந்தது.
ஆவணியில் இலை.
கார்த்திகையிலும் இலை,
கிழட்டு நாயின் காது போல
சாம்பல் மயிரோடு, தரையோடு.
முதல் வருஷம் இலைதான்,
பூ அடுத்த வருஷம் என்பதை
விதைத்த பிறகுதான் படித்தேன்.
என் கையில் இருந்தது பதினொன்று.

மாசியில் லொரேட்டா பெரைரா மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.
கீரையா, கொஞ்சம் பறிச்சுக்கவா?
ஐயோ, தொடாதீங்க, நெஞ்சை நிறுத்திடும் என்றேன்.
அவள் சிரித்தாள்.
பெரைராவுக்கு தினம் காலையில் கொடுக்கிற கால் மில்லிகிராம்
இதன் ஒன்றுவிட்ட அக்காதானாம்.
பதினாறு வருஷமாக
அந்த நெஞ்சை ஓட்டுவதே அவள்தானாம்.
அதே முகத்தோடு
வாடகையில் பத்து சதவீதம் ஏற்றினாள்.

கையெழுத்துப் போட்டேன்.
காவிரித் தண்ணீர் ஒழுங்காக வருகிறது,
உன் ஆபீஸ் பக்கம், பால்காரன் நல்லவன்
என்று சேந்தனிடம் அடுக்கினேன்.
இலைகளின் பேரை எடுக்கவில்லை.

அந்த வருஷம்தான்
கிழக்குப் பக்கத்துப் பழைய பங்களாவை இடித்தார்கள்.
ஒரு ஸ்லாப் போட்டால்
என் கோடு ஒரு முழம் நகரும்.
மூன்றாவது ஸ்லாபில் ஏழே கால் ஒன்பது ஆனது.
ஜல்லி லாரி ஒன்று பின்வாங்கி
மதிலில் ஒரு வாய் திறந்துவிட்டுப் போனது.
புகார் சொல்லக் கிளம்பியவள்
அந்த ஓட்டை வழியே
மண்ணில் விழுந்த வெளிச்சத்தைப் பார்த்து
செருப்பைக் கழற்றிவிட்டேன்.

மார்கழிக் குளிர் போன கையோடு தண்டு எழுந்தது.
இடுப்புக்கு. பிறகு தோளுக்கு.
மொட்டுகள் கீழிருந்து திறந்தன,
ஒரு தளம் முடிந்த பிறகே அடுத்த தளம்,
அந்தப் பக்கம் அவர்கள் கட்டுவது போலவே.
எல்லாப் பூவும் ஒரே பக்கம்.
எல்லாம் மதில் ஓட்டையைப் பார்த்து.
இருபது மாதம் காத்திருந்தவளுக்கு
முதுகு.

தெருவைச் சுற்றிப் போனேன்.
வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு
மணல் மேட்டுக்கும் கம்பிக் கட்டுக்கும் நடுவே நுழைந்தேன்.
எனக்கு முன்பே ஒருத்தி நின்றிருந்தாள்,
ராய்ச்சூர்க்காரி, பெயர் ஹுலிகெம்மா,
தலையில் சும்மாடு, காலடியில் காலிச் சட்டி.
ஜுமுக்கி என்றாள்
நான் கேட்காமலே.

ஆம், ஜிமிக்கி. இளஞ்சிவப்பு,
தொண்டைக்குள் மை தெறித்த புள்ளிகள்.
ஒரு வண்டு உள்ளே போனதும்
அந்த ஒரு மணி மட்டும் முனகியது.
விரல் நுழையும் அளவுக்குத்தான் வாய்,
யாருக்கும் விட்டுப்பார்க்கத் தோன்றும்.
அவள் கை எழுந்தது.
முட்ட பேடி என்றேன்,
எனக்குத் தெரிந்த பத்துக் கன்னடச் சொல்லில் இரண்டு.
அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

சிறிது நேரம் கழித்து நானும்.