எட்டாவது முறை

வூட்ஜ் நகரில், பழைய பொத்தான் ஆலையின் மூன்றாம் மாடியில்
மூன்று வாரமாய் ஓர் ஊரைத் தேடினோம்,
இன்னும் யாரும் விளையாடாத ஊர்.
செவ்வாய்க் கிரகம் என்றான் ஜெமோவித்.
கடலடி நகரம் என்ற போக்னா
அவளே அதை அழித்தாள்:
நீருக்குள் முடி அசைவதை யார் வரைவது?

எதற்கும் இருக்கட்டுமென்று
ஓர் எஞ்சின் சத்தம் பிடித்துவர என்னை அனுப்பினார்கள்.

பல் மருத்துவர் இரேனா கொட்டகையைத் திறந்தார்.
கிரீம் நிற சிரேனா, அறுபத்து நான்காம் வருடத்தது.
காது விடைத்ததுபோல்
முன்பக்கம் திறக்கும் கதவுகள்.
பெட்ரோலில் எண்ணெய் கலந்தார், சொட்டு எண்ணி.
சாவியைத் திருகினார். இருமல்.
மறுபடி. இருமல்.
ஏழு முறை.
"கொஞ்சம் பொறு" என்றார்,
எனக்கா காருக்கா தெரியவில்லை.

எட்டாவதில் கொட்டகை முழுக்க நீலப் புகை.
மைக் என் கையில் இல்லை, தரையில் கிடந்தது;
எல்லாம் பதிவாகியிருந்தது, என் சிரிப்பும்.

செவ்வாயை அழித்தது ஜெமோவித்தான்.
இப்போது பலகையில் பனி பெய்யும் ஒரு தெரு,
முனையில் துரத்தி வருபவர்கள்,
கிளம்ப மறுக்கும் ஒரு கார்.
மூன்று முறை போதும் என்கிறான்,
ஆடுகிறவர்கள் பொறுக்கமாட்டார்களாம்.

தலையாட்டிவிட்டு
ஏழாவது இருமலை
இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கிறேன்.