குடியிருப்பவர்

சிபராங் ஜெயா குடிநுழைவுக் கூடத்தில்
என் எண் 2047.
பலகையில் ஓடுவது 1988.
படிக்க வேறொன்றும் இல்லை.
என் கோப்பையே மறுபடி புரட்டுகிறேன்.

குவாந்தானில் கல்யாணப் பதிவு.
லாபுவானில் ஆரோன் பிறந்தான்.
அங்கே விமானத்தை விட்டு இறங்கியதும்
தனியாக ஒரு முத்திரை குத்தினார்கள்.
ஒரே நாடுதானே என்றார் சவரிநாதன்.
முத்திரைக்கு அது தெரியவில்லை.
சுபாங்கில் பதினான்கு மாதம்.
இப்போது பட்டர்வொர்த்.
முகாமில் குவார்ட்டர்ஸ் காலியில்லை என்று
பாகான் ஆஜாமில் ஐந்தாம் மாடி.
போர் விமானம் எழும்பும்போதெல்லாம்
அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள்
ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும்.

அட்டைப்பெட்டிகளின் மேல் ஒட்டிய சீட்டை
இப்போதெல்லாம் நான் கிழிப்பதில்லை.
பழையதன் மேலேயே புதியது.
சமையல் 3 என்பதற்கு அடியில் சமையல் 7,
அதற்கும் அடியில்
குவாந்தான் கடைக்காரன் எழுதிய
ஏதோ பிஸ்கட்டின் பெயர்.

2047.
புவான் ஸல்மியாவின் குரலில் கடுமை இல்லை,
களைப்புதான்.
கணவர் வரவில்லையா?
பயிற்சியில் இருக்கிறார்.
எங்கே?
எனக்கே சொல்லவில்லை, இதோ கமாண்டரின் கடிதம்.
கடிதம் கைநாட்டு வைக்காதே, சகோதரி.

சரி, இங்கே தொடர்ந்து வசித்ததற்கு
உங்கள் பெயரில் ஏதாவது?

வாடகை ஒப்பந்தம், அவர் பெயர்.
மின்சாரம், தண்ணீர், அவர் பெயர்.
ஆரோனின் பள்ளிப் படிவத்தில் நான் உண்டு,
தாய் என்ற கட்டத்துக்குள்
ஒரு பாஸ்போர்ட் எண்ணாக.
வங்கிக்குப் போனால் பாஸ் கொண்டு வா என்கிறார்கள்.
பாஸுக்கு வந்தால்
வங்கிப் புத்தகம் இருந்தால் நல்லது என்கிறார்கள்.

நான் தூத்துக்குடிக்காரி.
உப்பளத்துக்கு அருகில் வளர்ந்தவளுக்குத் தெரியும்,
தண்ணீர் பாத்தியில் நின்றால்தான் உப்பு.
ஓடுகிற தண்ணீருக்கு
எந்தக் கணக்குப்பிள்ளையும் வரவு எழுதுவதில்லை.

அப்போதுதான் கோப்பின் கடைசி உறையில்
கை பட்டது.

மார்ச் மாதம். கீழ்மாடியில் இரண்டு பேருக்கு டெங்கி.
சுகாதாரத் துறை ஆள் கதவைத் தட்டியபோது
வீட்டில் நான் மட்டும்.
டார்ச் அடித்துக் குளியலறை பார்த்தான்,
ஐஸ்பெட்டியின் அடித்தட்டு பார்த்தான்,
மாதா படத்துக்கு முன்னால் இருந்த பூச்சாடியில்
வெளிச்சத்தை நிறுத்தினான்.
ஆறு புழு.
கரண்டியால் எடுத்துக் காட்டினான், நெளிந்தன.
ஐந்நூறு வெள்ளி.
யார் பெயரில் எழுத என்று கேட்டான்.
கணவர் இல்லை என்றேன்.
வீட்டில் இருப்பது யாரோ அவர் பெயரில்தான், என்று
சொல்லிக்கொண்டே எழுதினான்.
பெங்ஹுனி: ஜெசிந்தா அந்தோணி.
முழு முகவரி, மாடி எண், தேதி, நேரம்.
பெங்ஹுனி என்றால்
குடியிருப்பவர்.

அன்றைக்கு நான் அழுதது
ஐந்நூறுக்காக என்று
அவன் நினைத்திருப்பான்.
மறுநாளே கட்டினேன்.
ரசீதும் என் பெயரில்.

புவான் ஸல்மியா அதை இரண்டு முறை வாசித்தாள்.
பக்கத்துக் கவுண்டரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.
இருவரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்,
என் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது.
நகல் எடுத்துக் கோப்பில் வைத்தாள்.
ஆனாலும் கணவர் வர வேண்டும், என்றாள்.
அதுவரைக்கும் முப்பது நாள்.

பஸ்ஸில் வரும்போது அவரிடமிருந்து செய்தி.
நாலைந்து நாளில் வந்துவிடுவேன்.
அடுத்த மாற்றல் கோங் கெடாக், ஜூலையில்.
பெட்டி எடுத்து வை.

கோங் கெடாக் கிளந்தானில்.
கோப்பு அங்கே போக எத்தனை மாதமோ,
தொடர்ந்து என்ற சொல்
வழியில் எந்த ஊரில் அறுமோ.

பூச்சாடியைக் கழுவித் துடைத்து
செய்தித்தாளில் சுற்றினேன்.
எந்தப் பெட்டியிலும் போடவில்லை,
கைப்பையில்தான்.
போனதும் முதல் வேலையாக
மாதாவுக்கு முன்னால் வைத்து
கழுத்துவரைக்கும் தண்ணீர் ஊற்றி
ஒரு வாரம் அப்படியே விட்டுவிட்டால்
என்ன.