பதினொரு வினாடி

திபிலீசியின் ஓரத்தில் எங்கள் கட்டடம். ஒன்பது மாடி.
லிப்டுக்குக் காசு போட வேண்டும், பத்து தெத்ரி.
போட்டாலும் சில நாள் நான்காவதில் நின்று யோசிக்கும்.

காசு கேட்காதது கையில் இருப்பதுதான்.
மருந்துக்கடை இரவுப்பணி முடிந்து வந்து
செருப்பைக் கழற்றுமுன் அதைத் திறப்பேன்.
யாரோ சமைத்தது, யாரோ அழுதது,
எங்கோ எரிந்தது, ஒரு பூனை,
மறுபடி எரிந்தது,
கண் எரியும்வரை.
தூக்கம் வாசல்வரை வந்து
வெளிச்சம் கண்டு திரும்பிப் போகும்.

அப்படி ஒரு விடியலில்தான் பால்கனியிலிருந்து பார்த்தேன்.
எதிர்ப்பக்கத்து ஏழாம் மாடி உஷாங்கி
முற்றத்துத் திராட்சைக்கொடியின் அடியில், கையில் ரம்பம்.
ஆறு மாடி ஏறி வந்த கொடி. ஆகஸ்டில் எனக்கு அதுதான் நிழல்.
பதினொரு வினாடி எடுத்தேன்.
குடியிருப்போர் குழுவில் போட்டேன்.
மேலே ஒரே சொல்: கொலைகாரன்.

குழுவில் எழுபத்திரண்டு பேர்.
பல் துலக்கி வருவதற்குள் நாற்பது கோபம்.
ஒவ்வொன்றும் என் தொடையருகே அதிர்ந்தது,
யாரோ செல்லமாகத் தட்டுவதுபோல்.
சொல்லத்தான் வேண்டும்: அன்று நன்றாகத் தூங்கினேன்.

ஒரு வாரத்துக்குள் அவர் காரில் ஆணிக் கீறல்,
பின்கதவு முதல் முன்விளக்கு வரை.
முற்றத்தில் நார்டி ஆட
எதிரே ஆள் உட்காரவில்லை.
இரண்டு பக்கத்துக்கும் தானே உருட்டிக்கொண்டிருந்தார் பகடையை.

லிப்டருகே தரைத்தளத்து ஜூஜுனா வழிமறித்தாள்.
"மேலே போய்ப் படித்தாயா?"
"மேலேயா?" நான் மாடியை அண்ணாந்தேன்.
"குழுவில்."

விரலால் ஏறினேன். பிறந்தநாள் வாழ்த்து, மின்தடை,
தொலைந்த சாவி, கிடைத்த சாவி,
இருபத்து மூன்று நாள் தாண்டி இருந்தது அது.
'கொடியின் வேர் சுவரைப் பிளந்துவிட்டது.
ஜூஜுனாவின் அம்மா படுக்கும் அறைக்குள் தண்ணீர்.
வெட்டாமல் வேறு வழி தெரிந்தால் சொல்லுங்கள்.
மாத முடிவுவரை காத்திருக்கிறேன். உஷாங்கி.'
பதில் இல்லை.
அடியில் ஒரே ஒரு கட்டைவிரல்.
என்னுடையது.
யாரும் கேட்காமலே கொடுத்திருக்கிறேன்.

அழிப்பது எளிது. அழுத்திப் பிடித்தால் போதும்.
எல்லோரிடமிருந்தும் அழிக்கவா என்று அதுவே கேட்டது.
எல்லோரிடமிருந்துமா?
காரிலிருந்துமா?

முப்பத்தாறு கதவு.
சில்லறை மாற்றி வைத்தும் படியேறித்தான் போனேன்.
அவர் எழுதியதைக் காட்டினேன், பிறகு நான் எடுத்ததை,
அந்த வரிசையில்.
சிலர், இதுக்குப் போயா, விடு என்றார்கள்.
ஐந்தாம் மாடி தாரியேல் முழுதும் படித்துவிட்டு
எதுவும் சொல்லாமல்
ஐம்பது லாரி எடுத்து நீட்டினான்.
நானும் ஆணியைப் பற்றிக் கேட்கவில்லை.
கேட்டிருக்க வேண்டுமோ, தெரியவில்லை.

உஷாங்கி கதவைப் பாதிதான் திறந்தார்.
வண்ணம் பூச ஆகும் முந்நூற்று நாற்பதையும்
எண்ணி வாங்கிக்கொண்டார்.
மன்னித்தேன் என்பார் என்று காத்து நின்றேன்.
"மேலிருந்து ஒரு குரல் கொடுத்திருக்கலாமே, லமாரா.
பெயர்தான் தெரியுமே உனக்கு."
சாத்தினார், சத்தமில்லாமல்.

ஞாயிறுகளில் முற்றத்தில் கூடுகிறோம் இப்போது.
போன்கள் ஜூஜுனாவின் எனாமல் பானைக்குள்.
பானை அவ்வப்போது விம்முகிறது.
யாரைப் பற்றிய பேச்சோ அவர் இருந்தால்தான் பேச்சு என்று முடிவு.
அவர் இன்னும் வரவில்லை.
அதனால் கொடியைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை இல்லை.
என் போன் பானையில் இருக்கிறது,
தொடை துடிக்கிறது.

இரவு மூன்று மணிக்கு
கை தலையணைக்கடியில் தேடுகிறது.
வெறுங்கையோடு பால்கனிக்கு எழுந்து போகிறேன்.
இலைகள் இல்லாததால் எதிர்ப்பக்கம் முழுதும் தெரிகிறது.
ஏழாம் மாடியில்
ஒரு முகம் அளவுக்கு நீலம்.

அவரும்தான்.

பெயர் சொல்லிக் கூப்பிட வாயெடுக்கிறேன்.
மூன்று மணி.
எத்தனை சன்னல் விழித்துக்கொள்ளும்.