தொடர்ச்சி

என் வேலைக்குத் தொடர்ச்சி என்று பெயர்.
வெட்டுக்கும் வெட்டுக்கும் நடுவே
யார் சட்டையில் எந்தப் பொத்தான் திறந்திருந்தது,
கிழங்குக் கூடை இடக்கையிலா வலக்கையிலா,
வியர்வை முதுகில் எதுவரை இறங்கியிருந்தது
என்று எழுதி வைப்பவள்.

நிபோங் திபால், கிரியான் ஆற்றோரம்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்கு,
காலை எட்டரையிலிருந்து மழை வரும்வரை.

கித்தா விலை விழுந்து
தோட்டம் கைகழுவிவிட்ட முப்பது குடும்பம்
கப்பலேறிப் போகாமல்
காட்டை வெட்டி, மரவள்ளி நட்டு,
கேழ்வரகு விதைத்து உட்கார்ந்துவிட்டது.
விலை ஏறியதும் கம்பெனிக்கு
நிலம் ஞாபகம் வந்துவிட்டது.
எட்டு பாகமாக இதைத்தான் சொல்கிறோம்.
இன்று ஒன்பது.

கேமரா வடக்கே திரும்பக் கூடாது, செம்பனை.
தெற்கே திரும்பக் கூடாது, மின்கோபுரம்.
முப்பத்து நான்காம் ஆண்டு
பதினாறடி அகலம்தான் மிச்சமிருக்கிறது.
அதற்குள்தான் எல்லாரும் பட்டினி கிடக்க வேண்டும்.

துரையாக நடிப்பவர் டெஸ்மண்ட்,
புலாவ் திக்குஸ்காரர், ஓய்வுபெற்ற பல் மருத்துவர்.
தினமும் எல்லாருக்கும் கறிபாப் வாங்கி வருவார்.
அவரைத் திட்ட வேண்டிய பெண்கள்
வாயைத் துடைத்துக்கொண்டு வந்து திட்டினார்கள்.
"வயிறு நெறஞ்ச கோவம் இது,
மறுபடியும்" என்றார் இயக்குநர்.

துணை நடிகர்கள் உள்ளூர்.
நாளுக்கு எண்பது வெள்ளி, மாதக் கடைசியில்.
அதில் ஒருத்தி புஷ்பலீலா.
மின்கம்பிக்குக் கீழே இருபது வருஷமாகப்
பயத்தங்காயும் வெண்டையும் போட்டு
வியாழன் இரவுச் சந்தையில் விற்கிறவள்.
கேமரா திரும்பக் கூடாத பக்கம் அவள் கொல்லை.

அவளுக்கு வசனம் கிடையாது.
காகிதத்தை வாங்க வேண்டும்,
பார்க்க வேண்டும்,
கிழிக்க வேண்டும்.

கோப்பியில் முக்கிப் பழசாக்கி
ஆறு பிரதி வைத்திருந்தோம்.
ஐந்தைக் கிழித்தாள்.
ஐந்தும் கடைச்சீட்டைக் கிழிப்பது போலிருந்தது.
ஆறாவது சேற்றில் விழுந்து ஊறிப்போனது.

"கொஞ்சம் இருங்க."
மடியிலிருந்து ஒன்றை எடுத்து
டெஸ்மண்டிடம் கொடுத்தாள்.
அவர் துரையாகி, அதை அவளிடமே நீட்டினார்.

இந்த முறை பார்த்தாள்.
நூறு தடவை படித்ததை
ஒருவேளை மாறியிருக்குமோ என்று
இன்னொரு தடவை பார்ப்பது போல.
பிறகு கிழித்தாள்.
ஜெனரேட்டர் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
இயக்குநர் கட் சொல்ல மறந்துவிட்டார்.

நான் மறக்கக் கூடாது.
வெள்ளைத் தாள். மலாய். மேலே கம்பெனி முத்திரை,
கீழே கைப்பேசியில் ஸ்கேன் செய்கிற கட்டம்.
முப்பது நாள் தவணை.
காகிதம் தவறு, ஆண்டு தவறு என்று
எழுதப் போன பேனா நின்றது.
"தூரத்துல தெரியாதுல்ல?" என்றார் இயக்குநர்.
தெரியாது என்றேன்.

மூட்டை கட்டும் நேரம் புஷ்பலீலா வந்தாள்.
எண்பது வெள்ளி கேட்கத்தான் என்று நினைத்தேன்.
"செல்லோடேப் இருக்கா?
திங்கக்கெழம நில ஆபீஸ்ல இதக் காட்டணும்."

மண்ணெண்ணெய் விளக்குக்கும்
ரப்பரில் செய்த மரவள்ளிக்கும் நடுவே
மேசையில் வைத்து ஒட்டினோம்.
பதினோரு துண்டு இருந்தது.
தேதி இருந்த துண்டு இல்லை.
டார்ச் அடித்துத் தேடினோம்,
மழை பிடித்துக்கொண்டது.
"போவட்டும். தேதி எனக்குத் தெரியும்."

ஒன்பதாம் பாகம் ஒளிபரப்பான இரவு
இடைவேளையில் மூன்று முறை வீட்டுமனை விளம்பரம்.
அதன் பிறகு அந்தக் காட்சி.
டெஸ்மண்டின் பூட்ஸுக்குப் பக்கத்தில், சேற்றில்,
நகத்தளவு வெள்ளை.
எட்டு நொடி இருந்தது.
யாரும் எழுதிக் கேட்கவில்லை.

அடுத்த வெட்டில் அது இல்லை.
பிழை என்னுடையது.