ஏப்ரல் மூன்றாம் வாரம்

மார்ச்: என் உடம்பு. அதில் சிக்கல் இல்லை.
மூக்கு எல்லோரிடமும் இருக்கிறது,
இந்தப் பாலைவனக் காற்றில்
அது எப்போதும் காய்ந்து கிடந்தாலும்.
ஏப்ரல் முதல் வாரம்: குடும்பம்.
இரண்டாவது: பழங்கள்.
மூன்றாவது: இலையுதிர்காலம்.
அப்புறம் வண்டிகள்.

தலைநகரிலிருந்து வந்த அட்டவணையைப்
பழுப்புத் தாளில் பெரிதாக எழுதிக்கொண்டிருந்தேன்.
நாற்காலிக் கால்களுக்கு
டென்னிஸ் பந்துகளை மாட்டிக்கொண்டிருந்த ஓர்னெலா
நிமிர்ந்து கேட்டாள்:
"இலையா? கலாமாவிலா?"

ஜன்னலுக்கு வெளியே ஒரே ஒரு மிளகு மரம்.
வருஷம் பூராவும் அதே பச்சை,
அதன் மேல் சுரங்கத்துத் தூசி.
எதையும் உதிர்க்கிற உத்தேசம் அதற்கு இல்லை.

போன வருஷம் காகிதத்தில் வெட்டினோம்.
சீரோ ஒன்றைத் தின்று பார்த்தான்.

அன்றிரவே வால்டிவியாவில் இருக்கும்
அக்கா ரொசால்பாவுக்குப் போன் செய்தேன்.
எத்தனை இலை வேண்டும் என்றாள்.
பதினெட்டுப் பிள்ளைகள் என்றேன்.
எண்ணித் தர அதென்ன முட்டையா என்று வைத்துவிட்டாள்.

குடும்ப வாரத்திலேயே அட்டவணை சாய்ந்தது.
ஏழு நாள் மேலே சுரங்கத்தில், ஏழு நாள் கீழே வீட்டில்:
எந்தத் திங்கட்கிழமை தொடங்கினாலும்
பாதி அப்பாக்கள் இல்லை.
ஆகவே இரண்டு வாரம் குடும்பம்.
பழங்களைக் காவு கொடுத்தோம்.
தனாய் ஒரு மூடிய கதவை வரைந்து
அப்பா என்றாள்.
"வீட்டுலதான் இருக்காரு, அத்தை. தூங்கறாரு."
(இங்கே ஆசிரியை எல்லோருக்கும் அத்தைதான்.)
கதவின் கைப்பிடியை மட்டும்
மஞ்சளில் அழுத்தி அழுத்தித் தீட்டியிருந்தாள்.

மூன்றாம் வாரம் வந்தது. பெட்டி வரவில்லை.
பஸ் நிலையத்தில் ஏதோ வேலைநிறுத்தம்.
பிள்ளைகளையே மரங்களாக நிற்க வைத்து
"காற்று!" என்று கத்தினேன்.
பதினேழு மரங்கள் சிரித்துக்கொண்டே விழுந்தன.
யாரித்சா அசையவில்லை.
"விழு, கண்ணு."
"நான் மிளகு மரம்."
அதற்கு என்ன பதில் சொல்வது?
வெள்ளிக்கிழமை வரை அவள் நின்றுகொண்டேயிருந்தாள்.

நான்காம் வாரம், செவ்வாய்.
வண்டிகளின் நடுவே வந்து இறங்கியது
கயிறு கட்டிய டி.வி. பெட்டி ஒன்று.
திறந்ததும் அறை முழுக்க ஈரம்.
ஓர்னெலா மூக்கைப் பொத்தவில்லை,
கண்ணைத்தான் மூடிக்கொண்டாள்.
அடியில் கிடந்த இலைகள் கொஞ்சம் அழுகியிருந்தன,
ஒன்றில் உயிரோடு ஒரு நத்தை.

நான் வாயைத் திறந்தேன்: "இலையுதிர்..."
அதற்குள் பெனான்சியோ
மஞ்சள் டிரக்கைப் பின்னோக்கி ஓட்டி வந்துவிட்டான்,
பீப், பீப், பீப்.
அவன் அப்பா ஓட்டும் டிரக்கின் சக்கரம்
எங்கள் கூரையை விட உயரம்.
சிவப்பு இலையைத் தூக்கிக் காட்டினான்:
"இதுல செம்பு இருக்கு!"
அவ்வளவுதான்.
பொம்மை டிரக்குகள், செருப்புகள், சீரோவின் தொப்பி,
எல்லாவற்றிலும் சுமை ஏறியது.
வட்டக் கம்பளம் குழியானது.
சிவப்பு ஒரு குவியல், பழுப்பு கழிவு.
தனாய் கதவருகே நின்று
ஷிப்ட் மாறும்போது சங்கு ஊதினாள்,
வீட்டுக்குப் போங்க, போய்த் தூங்குங்க என்று
ஒவ்வொருவராக அனுப்பினாள்.
நத்தைக்கு மட்டும் ஹெல்மெட் கிடைக்கவில்லை.

மாலையில் அறிக்கைப் படிவம்.
திட்டமிட்ட தலைப்பு நிறைவேறியதா? ஆம், இல்லை.
எந்தத் தலைப்பு என்று கேட்க
அதில் இடம் விட்டிருக்கவில்லை.
"ரெண்டுக்கும் ஆம்னு போடு" என்ற ஓர்னெலா
அடுத்த மாதத் தாளைப் புரட்டி,
"மே: மழை" என்று படித்துவிட்டு
என்னைப் பார்க்காமல் பேனாவை மூடினாள்.

பெருக்க எழுந்தபோதுதான் கவனித்தேன்:
யாரித்சாவை அழைத்துப்போக
இன்னும் யாரும் வரவில்லை.
ஜன்னலோரம், இரண்டு கையும் விரித்து நின்றிருந்தாள்.
உள்ளங்கையில் ஒரு பழுப்பு இலை.
என்னைப் பார்த்ததும் கையை மெல்லக் கவிழ்த்தாள்.

"ஒண்ணே ஒண்ணு" என்றாள்.