இடப்பக்கச் சுவர்

பம்பலப்பிட்டியில் பஸ் நின்றபோது
துவாரகன் அனுப்பிய வீடியோ வந்தது.
ஒரு நிமிடம் நாற்பது விநாடி.
முதலில் இருட்டு, பிறகு மழை,
பிறகு அந்தக் கொக்கு.

இருபத்தாறு வருஷம் கழித்துச் சிறகை விரிக்கிறது.
ஒவ்வோர் இறகும் தனித்தனியாக நனைகிறது.
எங்கள் கொக்குக்கு இறகே கிடையாது.
பதினொரு சாம்பல் சதுரம், ஒரு மஞ்சள் சதுரம்.
மஞ்சள்தான் மூக்கு என்று
நாங்களாகத் தீர்மானித்துக்கொண்டோம்.

அதன் உண்மைப் பேரும் எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.
நஸ்வர் நானாவிடம் இருந்தது களவுக் கசட்.
அட்டையில் பாதி ஜப்பான் எழுத்து,
மீதி யாரோ ஊற்றிய பிளேன்ரீ.
"கொக்கு போடுங்கோ நானா" என்போம்.
அரை மணிக்கு இருபது ரூபா.
வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை,
தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம்;
ரயில் போனால் திரையில் கோடு விழும்.
கோட்டுக்குள்ளும் சுடப் பழகியிருந்தேன்,
டியூஷன் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு,
அந்தக் கடையின் ஒரே பெண்பிள்ளை.

மூன்றாம் கட்டத்தில் இடப்பக்கம் ஒரு சுவர்.
சுவரில் ஒரு பிழை.
தூக்கக் கலக்கத்தில் யாரோ விட்டது.
கொக்கை அதற்குள் செருகிவிட்டால்
ஒரு குண்டும் படாது.
வருவார்கள், வட்டமிடுவார்கள்,
உன்மேலேயே ஏறிப் போவார்கள்,
உன்னைக் காணமாட்டார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை
ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள்.
நானா ஷட்டரை அரைவாசி இறக்கினார்,
சத்தத்தைக் குறைத்தார்,
விளையாட்டை நிறுத்தவில்லை.
துவாரகனின் அட்டையில் பிறந்த இடம் சாவகச்சேரி.
பொலிஸ் பதிவு முடிந்து நாலு நாள்.
அவன் கொக்கைச் சுவருக்குள் விட்டுவிட்டு
கைகளை எடுத்து மடியில் வைத்தான்.
ஷட்டருக்குக் கீழே சப்பாத்துகள் வந்தன.
நின்றன.
நடந்தன.
திரும்ப வந்து நின்றன.
திரையில் புள்ளிகள் ஏறிக்கொண்டேயிருந்தன,
ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்கு.

புதியதில் ஏழு கட்டமாம். பழையதிலும் ஏழுதானாம்.
ஏழா?
எங்கள் கசட் மூன்றின் முடிவில் உறைந்து நிற்கும்.
அதுதான் வெற்றி என்று நம்பிக்
கைதட்டி, காசு சேர்த்து,
நானாவுக்கு நெக்டோ வாங்கிக் கொடுத்தவர்கள் நாங்கள்.

அந்த நாலு கட்டத்துக்காகவே வாங்கலாம்.
விலை பதினெண்ணாயிரத்து ஐந்நூறு.
அதை ஓட்டும் பெட்டிக்கு
என் இரண்டு மாதச் சம்பளம்.
கொக்குக்குத் தங்கச் சிறகு வேண்டுமென்றால்
அதற்குத் தனிக் காசு.
இப்படி எத்தனையைப் பார்த்துவிட்டோம்,
பழைய பேரைப் போர்த்திக்கொண்டு
உள்ளே வேறு யாரோ மூச்சு விடுவதை.
ஆனாலும் அந்த மழையை
நான் நாலு தரம் பார்த்துவிட்டேன்;
இறங்க வேண்டிய தரிப்பிடம் போய்விட்டது.

வீடியோவின் கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வரி:
பழைய பிழைகள் யாவும் திருத்தப்பட்டுள்ளன.

கொள்ளுப்பிட்டியில் இறங்கி, வெயிலில் நின்று,
கம்பனிக்கு எழுதினேன்.
மூன்றாம் கட்டம், இடப்பக்கச் சுவர்,
தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.
காரணம் கேட்கும் பெட்டியில்
இருநூறு எழுத்துக்குத்தான் இடம்.
வெறுமையாக விட்டேன்.
தங்கள் கருத்துக்கு நன்றி என்று
உடனே பதில் வந்தது, மனிதக் கை படாமல்.

ஸ்காபரோவில் அப்போது இரவு இரண்டு மணி.
துவாரகன் எழுதுகிறான், அழிக்கிறான்,
திரும்ப எழுதுகிறான்.
எங்கள் இரண்டு பேருக்கும் நரை,
இரண்டு பேருக்கும் கண்ணாடி,
அந்தச் செவ்வாயைப் பற்றி
இதுவரை ஒரு சொல் கதைத்ததில்லை.

கடைசியில் வந்தது:
"வாங்கு. பாதிக் காசு நான் போடுறன்.
ஏழாவதுக்கு ஓடாத.
மூண்டாவதில நிண்டு
முதல் அந்தச் சுவரை முட்டிப் பார்."