எம்புட்டு

காலையில பத்து மணி, சிம்மக்கல்,
ஜெராக்ஸ் கடைக்கு மேல மாடி.
ஜெசிந்தா மிஸ்ஸுக்கு என்னைவிடப் பதினோரு வயசு கம்மி.
போர்டு நடுவுல ஒரு கோடு இழுத்தாங்க.
இந்தப் பக்கம் எண்ணலாம்.
அந்தப் பக்கம் எண்ணக் கூடாது.

முட்டை இந்தப் பக்கம்.
வெங்காயம் இந்தப் பக்கம்.
அரிசி, மாவு, உப்பு, எண்ணெய் அந்தப் பக்கம்.
பிரட்டும் அந்தப் பக்கம்னாங்க.
பாக்கெட்டுல பதினாறு இருக்கே மிஸ்னு
பேக்கரி சிராஜுதீன் எந்திரிச்சுட்டான்.
துண்டை எண்ணுங்க, பிரட்டை எண்ணாதீங்க.
அவன் இன்னும் ஒத்துக்கல.

எண்ணுறதுக்கு மெனி, எண்ணாததுக்கு மச்.
எங்க பக்கம் ரெண்டுக்கும் எம்புட்டுத்தேன்.
எம்புட்டு பரோட்டா, எம்புட்டு சால்னா,
எம்புட்டு பேரு, எம்புட்டு வெயிலு.
கோடு கிழிக்காமலே முப்பத்து மூணு வருசம் ஓடிருச்சு.

மிஸ்டர் ஒச்சுக்காளை, பரோட்டா?
கவுண்டபிள் மிஸ்.
சால்னா?
அன்கவுண்டபிள்.
கொத்து பரோட்டா எந்தப் பக்கம் மிஸ்?
இது நாந்தேன் கேட்டேன்.
மிஸ் சாக்பீஸோட நின்னாங்க.
ஃபேன் சுத்துச்சு.

மைதா அந்தப் பக்கம், சரி.
பிசைஞ்சு உருட்டுனா இருநூறு உருண்டை, இந்தப் பக்கம்.
வீசி, சுருட்டி, கல்லுல வாட்டி,
அஞ்சஞ்சா அடுக்கி ரெண்டு கையால அடிச்சு
எடுக்குற வரைக்கும் இந்தப் பக்கம்தேன்.
அதுல நாலைப் பிச்சுப் போட்டு
முட்டை ரெண்டு உடைச்சு ஊத்தி
தகடு ரெண்டையும் எடுத்தேன்னா
டக்கட டக்கட டக்கட
கோரிப்பாளையம் சிக்னல்ல நிக்கிறவன்
பச்சை விழுந்தும் நிப்பான்.
இப்பச் சொல்லு, எது பரோட்டா, எது முட்டை?
எண்ணுறதை எண்ண முடியாம ஆக்குறதுக்குத்தேன்
சையது பாய் எனக்குக் கூலி குடுக்குறாரு.
அதையும் இலையில மடிச்சதும்
ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு
பார்சல் கணக்குல எழுதிக்கிறாரு.

கிளாஸ் முடிஞ்சு பாலத்து மேல நடந்தேன்.
வாட்டர் அன்கவுண்டபிள், நோட்டுல இருக்கு.
கைப்பிடிச் சுவர்ல சாஞ்சு
வைகைத் தண்ணியை எண்ணுனேன்.
ஏழு.
எட்டாவதுல எருமை படுத்திருந்துச்சு,
அதைச் சேக்கல.

பணமும் எண்ண முடியாதாம்.
ரியாலை எண்ணலாமாம்.
தோகாவுக்கு அனுப்புறேன்னு சொன்ன ஏஜென்ட்டு
எங்கிட்ட எண்ணித்தேன் வாங்குனான்,
எச்சி தொட்டு, ரெண்டு தடவை.
இன்டர்வியூக்கு இன்னும் பதினெட்டு நாளு.
அதை எண்ணலாம்.

இன்னைக்கு மிஸ் கடைசியா நடத்துனது லிட்டில்.
லிட்டில்னா இருந்தும் இல்லாத மாதிரி, பத்தாது.
அ லிட்டில்னா கொஞ்சம் இருக்கு, சமாளிக்கலாம்.
முன்னாடி ஒரு அ. அம்புட்டுத்தேன்.
அந்த அ-வை எங்கிட்டிருந்து எடுத்தாங்கன்னு
நோட்டுல இல்லை.

ராத்திரி ஒண்ணே கால்.
அடுப்பை அமத்தியாச்சு.
மாட்டுத்தாவணியில மூட்டை இறக்கிட்டு ஒருத்தன்
தலையில சாக்குத் துண்டோட வந்தான்.
அண்ணே, ரெண்டு பரோட்டா இருக்குமா?
ரெண்டுதேன் இருந்துச்சு.
சால்னா?
கரண்டியை விட்டுப் பாத்தேன்,
அண்டா அடி முட்டுச்சு.
கல்லாவுல இருந்தபடியே சையது பாய்
இல்லைன்னு தலையாட்டுனாரு.
லிட்டில்.

அண்டாவை என் பக்கமாச் சாய்ச்சேன்.
சுத்தியும் வழிச்சு விட்டதுல
ஓரமாக் கூடி நின்னுச்சு,
எண்ணெயும் ஒரு பட்டைத் துண்டும்
யாருக்கும் போகாத ஒரு எலும்புமா.
அ லிட்டில்.

அவன் முதல் பரோட்டாவை முடிச்சிட்டு
இலையை நீட்டுனான்.
இன்னும் கொஞ்சூண்டுண்ணே.

கொஞ்சூண்டுக்கு மிஸ் இன்னும் வார்த்தை குடுக்கல.
புதன்கிழமை கேக்கணும்.
கொத்து பரோட்டாவும் பாக்கி இருக்கு.